தொட்டியருகே 96 மணி நேரம்

போன இதழில் பாராபென் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். ஷாம்பூவும் களிம்பும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் அந்தப் பொருள், நாம் குளித்த தண்ணீரோடு போய் நன்னீர் மீன்களைச் சேர்கிறது என்று சொன்னேன். மீனுக்கு அது எவ்வளவு நஞ்சு என்று ஆய்வுக்கூடத்தில் நான்கு நாள் சோதனை நடத்துவார்கள் என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அதற்கு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கம் முழுக்கப் போய்விட்டது. பதினெட்டு ஆண்டு அந்தச் சோதனையைச் செய்து வந்தவள் நான். அதனால் சந்தோஷமாகவே இடம் கொடுத்துவிட்டேன்.

கிரீம் டப்பாவின் பின்புறம் மெத்தில்பாராபென், புரொப்பில்பாராபென் என்று இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? மனிதர் தடவிக்கொள்வதை மீனிடம் ஏன் சோதிக்க வேண்டும்? (ஒரு வாசகி)

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பாரா-ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலத்தோடு ஓர் ஆல்கஹால் சேர்ந்தால் வரும் எஸ்டர்தான் பாராபென். மெத்தனால் சேர்ந்தால் மெத்தில்பாராபென், எத்தனால் சேர்ந்தால் எத்தில்பாராபென், அப்படியே புரொப்பில், பியூட்டில் என்று கார்பன் சங்கிலி நீண்டுகொண்டே போகும். 1920-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. சங்கிலி நீள நீளப் பூஞ்சையை அடக்கும் வலு கூடும். ஆனால் தண்ணீரில் கரைவது குறையும். கரைவதற்கு ஒன்று, வலுவுக்கு ஒன்று என்று இரண்டைச் சேர்த்துப் போடுவது அதனால்தான்.

மீனிடம் ஏன் என்றால், நமக்கு அது தோலின் மேல் சில மணி நேரம், ஷாம்பூ என்றால் சில நிமிடம். கழுவிவிட்டால் போயிற்று. மீன் அந்தத் தண்ணீரிலேயே குடியிருக்கிறது, அதையேதான் மூச்சாக இழுக்கிறது. செவுளில் தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலம் மட்டும். ஆக்சிஜன் உள்ளே போகிற அதே வழியாகப் பாராபெனும் போகும்.

நான் முதுகலை மாணவி. 96 மணி நேரச் சோதனையைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் அது எப்படி நடக்கும் என்று சொல்வீர்களா?

எல்லாரும் பின்பற்றுவது ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட 203-ஆம் எண் வழிகாட்டியை. 1981-இல் வந்தது, 1992-இலும் 2019-இலும் திருத்தினார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சோதனை, மீன் வந்து சேர்ந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. வரிக்குதிரை மீனோ, மெடாக்காவோ, கப்பியோ, கெண்டைக் குஞ்சோ, எதுவானாலும் முதலில் ஊர் பழக வேண்டும். குளோரின் நீக்கிய தண்ணீர், சீரான வெப்பநிலை, ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வெளிச்சம். இந்தப் பழக்கும் நாட்களில் நிறைய மீன் செத்தால் அந்தக் கூட்டத்தையே விட்டுவிட வேண்டும். ஒரு வாரத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்தால் அவற்றைத் தொடவே கூடாது. ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கிற மீனிடம் நஞ்சைப் பற்றிக் கேட்டால் நோயைப் பற்றித்தான் பதில் வரும்.

சோதனைக்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்த வேண்டும்; நான்கு நாளும் தீனி கிடையாது. முதல்முறை செய்பவர்களுக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தீனி போட்டால் அதன் மிச்சமும் கழிவும் தண்ணீரைக் கெடுக்கும், கரைந்திருக்கிற பாராபெனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வளர்ந்த சிறு மீன் நான்கு நாள் பட்டினியைத் தாங்கும்.

அடுத்தது கரைசல். இங்கேதான் நேரம் போகும். பியூட்டில்பாராபெனைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் தூள் நனையாமல் மேலே மிதக்கும், கலக்கும் காந்தக் குச்சியில் ஒட்டிக்கொள்ளும், பீக்கர் ஓரத்தில் ஒரு வளையமாக நிற்கும். அவசரத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் வேறு வம்பு. அது 70 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அடியில் எண்ணெய்ச் சொட்டு மாதிரி உருண்டு நின்று, ஆறியதும் மெழுகு மணியாக இறுகிவிடும். மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும், கரைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கை பொறுக்கும் சூட்டில், மூடி வைத்து, ராத்திரி முழுக்கச் சுழலவிட்டால் காலையில் நன்றாகக் கரைந்திருக்கும். லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் வரை அது கரையும். மெத்தில்பாராபென் 2,000 மில்லிகிராமுக்கு மேலேயே கரையும். மீன் சோதனைக்கு வேண்டியது இதைவிடக் குறைவு. அதனால் டி.எம்.எஸ்.ஓ. போன்ற கரைப்பான் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. போட்டே ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டரைத் தாண்டாமல் போட்டு, கரைப்பான் மட்டும் கலந்த தொட்டி ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை: இரண்டு மூன்று மீனோடு லிட்டருக்கு 1, 10, 100 மில்லிகிராம் என்று அகலமாகத் தேடுவது. எந்த இடைவெளியில் சாவு தொடங்குகிறது என்று தெரிந்ததும் அதற்குள் ஐந்து செறிவு. ஒன்றுக்கு அடுத்தது 2.2 மடங்கைத் தாண்டக் கூடாது. 1, 1.8, 3.2, 5.6, 10 என்று போட்டால் அழகாக அமையும். தொட்டிக்கு ஏழு மீனாவது வேண்டும். பாராபென் இல்லாத கன்ட்ரோல் தொட்டியையும் சேர்த்தால் 42 மீன். லிட்டருக்கு ஒரு கிராம் மீனுக்கும் குறைவாகவே விட வேண்டும், நெருக்கம் கூடாது. எந்த மீன் எந்தத் தொட்டிக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். வலையில் முதலில் சிக்குவது எப்போதும் சோர்ந்த மீன்தான். அதையெல்லாம் ஒரே தொட்டியில் விட்டால் கதை கெட்டுவிடும்.

24, 48, 72, 96 மணியில் எண்ண வேண்டும். முதல் நாள் இரண்டு மூன்று முறையாவது போய்ப் பாருங்கள், பாராபெனின் வேலை பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான் தெரியும். செவுள் மூடி அசையவில்லை, வாலடியைக் கண்ணாடிக் குச்சியால் மெல்லத் தொட்டாலும் அசைவில்லை என்றால் இறந்ததாகக் குறித்து உடனே எடுத்துவிட வேண்டும். கூடவே வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன். ஆக்சிஜன் செறிவுநிலையில் 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால், செத்தது மூச்சுத்திணறியா பாராபெனாலா என்று யாராலும் சொல்ல முடியாது. கன்ட்ரோலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செத்தால் சோதனையே செல்லாது. பத்துக்கும் குறைவாக மீன் விட்டிருந்தால் ஒரு சாவு வரை பொறுப்பார்கள்.

புரொப்பில்பாராபெனுக்கு நான் கண்ட எல்.சி.50, ஆய்வுக் கட்டுரைகளில் இருப்பதைவிட மிக அதிகமாக வருகிறது. மூன்று முறை எடை சரிபார்த்துவிட்டேன். எங்கே தப்பு? (ஓர் ஆராய்ச்சி மாணவர்)

முதலில் மற்ற வாசகர்களுக்காக: எல்.சி.50 என்பது குறித்த நேரத்துக்குள் பாதி மீன்கள் சாகும் செறிவு. எண் சிறிதானால் நஞ்சு கடுமை, பெரிதானால் நஞ்சு குறைவு.

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஞாபகம் வந்துவிட்டது. அதே புரொப்பில்பாராபென். திங்கள் காலை கரைசல் கலந்து, தொட்டிகளில் ஊற்றி, தொட்டிக்கு ஏழு மீன் விட்டேன். நான்கு நாளும் தண்ணீர் மாற்றவில்லை. எடை சரி, கணக்கு சரி, அப்புறம் எதற்குத் தண்ணீரை அளப்பது என்று இருந்துவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் மேல் செறிவுத் தொட்டியில் ஏழும் போய்விட்டன. அதற்கடுத்த தொட்டியில் மூன்று செத்தன. மற்ற நான்கும் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொள்ளக் கிடந்தன. புதன்கிழமை போய்ப் பார்க்கிறேன், அந்த நான்கும் நிமிர்ந்து நீந்திக்கொண்டிருக்கின்றன. சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முடித்துவிட்டுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் கண்ணாடியின் உட்பக்கம் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "வழவழன்னு இருக்கே, தண்ணி எடுத்து ஓட்டிப் பாத்தியா?" என்றார். மிச்சமிருந்த தண்ணீரை வடிகட்டி, கரைந்திருப்பதைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றினோம். பாராபென் 256 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும், அந்த இடத்தில் கூம்பாக ஒரு மேடு வர வேண்டும். வந்தது ஒரு சின்னப் புடைப்பு. நான் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தைப் பாக்டீரியா தின்றுவிட்டிருந்தது. கண்ணாடியில் வழவழப்பாக ஒட்டியிருந்தது அதுதான்.

பாராபென் பாக்டீரியாவை அடக்கும் பொருள் ஆயிற்றே, அதைப் பாக்டீரியா எப்படித் தின்னும் என்று கேட்கலாம். ஷாம்பூவில் அது அரை விழுக்காடு அளவுக்கு இருக்கும். ஒரு லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். மீன் தொட்டியில் நாம் போடுவது சில மில்லிகிராம். அந்த நீர்த்த நிலையில் பல பாக்டீரியாக்களுக்கு அது உணவு. மீன் கழிவு இருக்கும் தொட்டியில் அவை ஒரே நாளில் பெருகிவிடும்.

அப்படி என்ன கணக்கு வந்தது என்றால், 5.6 மில்லிகிராம் என்று நான் எழுதி வைத்திருந்த தொட்டியில் மூன்றாம் நாள் மீன் இருந்தது கிட்டத்தட்ட நல்ல தண்ணீரில். சாய்ந்த மீன் நிமிர்ந்ததற்கு அதுதான் காரணம். தினமும் கரைசலைப் புதுப்பித்து, புதிதாக ஊற்றும்போது ஒருமுறையும் 24 மணி கழித்துப் பழையதை எடுக்கும்போது ஒருமுறையும் அளந்து, திரும்பச் செய்தேன். எல்.சி.50 ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிட்டது. என் முதல் எண்ணை யாராவது நம்பியிருந்தால், உண்மையைவிட இரண்டு மடங்கு பாதுகாப்பான பொருள் என்று எழுதியிருப்பார்கள். அந்த 42 மீனும் எதற்காகத் தொட்டியில் இறங்கினவோ அது நடக்கவே இல்லை. முதல் முறை நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எடையைப் பற்றி ஐந்து வரி இருக்கிறது, தண்ணீரை அளந்ததாக ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் மாற்றியதாகவும் இல்லை. முதலில் அங்கே பாருங்கள். ஒவ்வொரு 24 மணிக்கும் கரைசலை மாற்றுங்கள், மாற்றும்போது தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். செறிவு, தொடங்கிய அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எல்.சி.50-ஐ, எடை போட்டுக் கலந்த கணக்குச் செறிவில் போடாதீர்கள். அளந்த செறிவுகளின் பெருக்கல் சராசரியில் போடுங்கள்.

இன்னொன்று, பி.எச். பாராபெனின் பி.கே.ஏ., அதாவது பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெறும் பி.எச்., சுமார் 8.2 முதல் 8.5. தண்ணீர் 8.4-இல் இருந்தால் கிட்டத்தட்டப் பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றுவிடும். மின்னேற்றம் பெற்றது செவுள் படலத்துக்குள் எளிதில் நுழையாது. 7-இல் செய்த சோதனையையும் 8.4-இல் செய்த சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எண்கள் ஒத்துவராது. உங்கள் பி.எச். என்ன என்று நீங்கள் எழுதவில்லை.

மெத்திலைவிடப் பியூட்டில் ஏன் கடுமை? ஒரே குடும்பம் என்கிறீர்களே. (ஓர் ஆசிரியர்)

மீனின் உயிரணுச் சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்பை விரும்பும் பொருள்தான் அதில் போய் உட்காரும். ஒரு பொருள் தண்ணீரைவிடக் கொழுப்பை எத்தனை மடங்கு விரும்புகிறது என்பதை ஆக்டனால்-நீர்ப் பங்கீட்டில் பார்ப்பார்கள். மெத்தில்பாராபெனுக்கு அது ஏறக்குறைய 90 மடங்கு. பியூட்டில்பாராபெனுக்கு 3,500-க்கும் மேல். சங்கிலியில் மூன்று கார்பன் கூடியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

மீனிலும் அதே வரிசையில்தான் வரும். மெத்தில்பாராபெனுக்கு எல்.சி.50 லிட்டருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராமிலிருந்து நூற்றைத் தாண்டி வரை போகும், மீனைப் பொறுத்து. புரொப்பிலும் பியூட்டிலும் சில மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். பென்சில்பாராபென் அதற்கும் கீழே. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருட்களில் தடைசெய்த ஐந்து பாராபென்களில் பென்சிலும் ஒன்று. ஆனால் காரணம் மீன் இல்லை. மனிதருக்குப் பாதுகாப்பு என்று காட்டத் தேவையான தரவு இல்லாததால் எடுத்த முடிவு அது. பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

தொட்டியில் இதைப் பார்த்தால் மயக்க மருந்து கொடுத்த மாதிரியே இருக்கும். முதலில் ஒரு படபடப்பு, சுவரில் முட்டிக்கொள்ளும். பிறகு மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடல் நிறம் கருக்கும். அப்புறம் வால் தாழ்ந்து, உடம்பு சாய்ந்து, தொட்டியின் அடியில் படுத்துவிடும். செவுள் மூடி மட்டும் எண்ண முடியாத வேகத்தில் அடிக்கும், பிறகு விட்டு விட்டு. சவ்வில் போய் உட்கார்ந்து உயிரணுக்களின் வேலையை மந்தமாக்குவதால் வரும் மயக்கம் இது. சாவுக்கு முன்னால் நல்ல தண்ணீர் கிடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். என் நான்கு மீனுக்கு நடந்ததும் அதுதான்.

அப்படியானால் நாம் ஷாம்பூ போட்டுக் குளிப்பதால் ஆற்று மீன் செத்துக்கொண்டிருக்கிறதா?

இல்லை. ஆறுகளில் அளந்து காணும் பாராபென் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில், மோசமான இடங்களில் சில மைக்ரோகிராம். சோதனையில் மீனைக் கொல்வது மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் என்றால் ஆயிரம் மைக்ரோகிராம், பத்து லட்சம் நானோகிராம். கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரித்தால் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். என் தொட்டியில் வேலையைக் கெடுத்த அதே பாக்டீரியா அங்கே நமக்கு நல்லது செய்கிறது.

ஆனால் நான்கு நாளில் சாகவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிட முடியாது. எத்தில், புரொப்பில், பியூட்டில் பாராபென்களை பால்முதிர்ச்சி அடையாத டிரௌட் மீன்களுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வந்தது. முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம், விட்டெல்லோஜெனின், அந்த மீன்களின் இரத்தத்தில் உண்டாகியிருந்தது. பெண் ஹார்மோன் சொல்கிற வேலையைப் பாராபென் கொஞ்சம் செய்கிறது என்று அர்த்தம். ஊசியில் ஏற்றிய அளவு ஆற்றில் இருப்பதைவிட மிக அதிகம், அதையும் சொல்லியாக வேண்டும். குளோரின் சேர்ந்தால் வேறு ஒரு சிக்கல்: குளோரினேற்றம் பெற்ற பாராபென்கள் உண்டாகும், அவை எளிதில் சிதையாமல் நிற்கும். 96 மணி நேரச் சோதனை இதில் எதையும் பேசாது. இந்த அளவில் பாதி மீன் சாகும் என்று மட்டும் அது சொல்லும். பொருட்களை வரிசைப்படுத்தவும், ஒரு பீப்பாய் ஓடையில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று கணிக்கவும் அது போதும். "மீனுக்குப் பாதுகாப்பானது" என்று டப்பாவில் அச்சிடப் போதாது.

புரோபிட் முறையில் எல்.சி.50 கண்டுபிடிக்க எத்தனை புள்ளி வேண்டும்?

புரோபிட் என்பது செறிவுக்குச் செறிவு சாகும் பங்கை ஒரு நேர்கோடாக மாற்றி எல்.சி.50-ஐப் படிக்கும் கணக்கு. சில மீன் செத்து சில பிழைத்த செறிவு குறைந்தது இரண்டு இருந்தால் கோடு நிற்கும். செறிவை லாகரிதத்தில் போடுங்கள். 95 விழுக்காடு நம்பக எல்லையையும் கூடவே எழுதுங்கள். 3.2-இல் ஒன்றும் சாகவில்லை, 5.6-இல் எல்லாம் செத்துவிட்டன, நடுவே ஒன்றும் இல்லை என்றால் புரோபிட்டை வற்புறுத்தாதீர்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 4.2 வரும், அதைத் தோராய எல்.சி.50 என்று நேர்மையாக எழுதலாம். 1934-இல் பிளிஸ் புரோபிட்டைக் கொண்டுவந்தபோது கையால் கணக்குப் போட்டார்கள். இன்று மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் துப்பிவிடும். அதனால் வரைபடத்தைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

பள்ளிக் கண்காட்சிக்கு என் மகன் இந்தச் சோதனையை வீட்டு மீன் தொட்டியில் செய்யலாமா?

வேண்டாம். முதுகெலும்புள்ள உயிர்களைச் சாகும் அளவுக்குக் கொண்டுபோகும் வேலை, அனுமதி பெற்ற இடத்தில், பழகினவர் கையில் மட்டும் நடக்க வேண்டும். அவனுக்கு வெங்காயம் போதும். சின்ன வெங்காயங்களை அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடிக் குப்பிகளின் வாயில் உட்கார வைத்து, ஒன்றில் வெறும் தண்ணீரும் மற்றவற்றில் ஷாம்பூவைப் பல அளவில் நீர்த்தும் ஊற்றச் சொல்லுங்கள். தினமும் மாற்ற வேண்டும். நான்கு நாளில் வேரின் நீளத்தை அளந்தால் அவன் வரைபடமே போடலாம். ஷாம்பூவில் பாராபென் மட்டும் இல்லை, நுரைக்கும் பொருளும் உண்டு என்று அவனே எழுதினால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஓர் எண்ணுக்காக நாற்பது மீனைக் கொல்வது சரியா? உங்களுக்கு உறுத்தவில்லையா? (பெயர் வேண்டாம் என்று ஒருவர்)

உறுத்தியது. இப்போதும் உறுத்துகிறது. இரவுப் பார்வைக்குப் போகும்போது விளக்கைச் சட்டென்று போட மாட்டேன், மீன் அதிரும். கைவிளக்கின் மேல் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தேன். ஒருநாள் அந்த வெளிச்சத்தில், அடியில் படுத்துக் கிடந்த ஒரு வரிக்குதிரை மீனுக்குச் செவுள் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன். இருபதுக்குப் பிறகு ஓர் இடைவெளி வந்தது. காத்திருந்தேன். மறுபடி அடித்தது. காலை எண்ணிக்கை வரை அது அப்படியே இருந்தது. அப்போதைய விதியில் அது "உயிருள்ளது" என்ற கட்டத்துக்குள்தான் போகும், நான் ஒன்றும் செய்ய இடமில்லை.

2019 திருத்தத்தில் இது மாறத் தொடங்கியிருக்கிறது. சாவு மட்டுமில்லாமல், சாய்வது, மேலே வந்து வாய் திறப்பது, நிறம் மாறுவது போன்ற அறிகுறிகளையும் முறையாகக் குறிக்கச் சொல்கிறார்கள். இனி தேறாது என்று தெளிவாகத் தெரியும் மீனை நோகாமல் முடித்துவிடவும் இடம் கொடுக்கிறார்கள். அப்படிக் குறித்து வைத்த தரவு சேரச் சேர, நாளைக்குச் சாவு வரை காத்திருக்க வேண்டிய தேவையே போகலாம். அதனால் அறிகுறிக் கட்டங்களைக் காலியாக விடாதீர்கள் என்று மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

வளர்ந்த மீனே இல்லாத வழிகளும் வந்துவிட்டன. 2013-இல் வந்த 236-ஆம் எண் வழிகாட்டி, வரிக்குதிரை மீனின் கருவுற்ற முட்டையில் செய்வது. தானாக இரை எடுக்காத பருவம் அது. கரு திரிந்துபோனதா, உடற்கணுக்கள் உருவாகவில்லையா, வால் பிரியவில்லையா, இதயம் துடிக்கவில்லையா என்று நான்கே கேள்வி. நுண்ணோக்கியில் அந்த இதயம் துடிப்பது கண்ணாடி மாதிரி தெரியும். 2021-இல் 249 வந்தது: வானவில் டிரௌட்டின் செவுள் உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, 24 மணி நேரத்தில் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பது. பாராபெனுக்கு இது நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது முதலில் தாக்குவதே சவ்வை.

முழு மீனில்தான் செய்தாக வேண்டும் என்றாலும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். முதலில் பாசியிலும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளிலும் சோதியுங்கள். இரண்டில் எது குறைந்த அளவில் பாதிக்கப்படுகிறதோ அந்த ஒரே செறிவில் மட்டும் ஏழு மீனை விட்டுப் பாருங்கள். ஒன்றும் சாகவில்லை என்றால், மீனைவிட மெலிந்த உயிர் ஏற்கெனவே எல்லையைச் சொல்லிவிட்டது, மீனோடு மேலே போக வேண்டியதில்லை. 2010-லேயே இதற்கு ஓ.இ.சி.டி. வழிகாட்டுக் குறிப்பு வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை மீன் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். போட்ட பிறகு அன்று தூக்கம் வரவில்லை.

வரும் திங்கள்கிழமை என் முதல் சோதனை. பியூட்டில்பாராபென், மெடாக்கா. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். (கல்லூரி மாணவி)

இந்தத் திங்கள் மீனை இறக்காதீர்கள், அம்மா. ஐந்து செறிவையும் கலந்து தொட்டிகளில் ஊற்றுங்கள், மீன் இல்லாமல். காற்றுக் கல், வெப்பநிலை, வெளிச்சம் எல்லாம் உண்மைச் சோதனையில் இருக்கப்போவது போலவே இருக்கட்டும். தொட்டியும் குழாயும் கண்ணாடியாக இருந்தால் நல்லது. சிலிக்கோன் குழாய் பியூட்டில்பாராபெனை உறிஞ்சிக்கொள்ளும். பத்து மணிக்கு ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, பெயர் ஒட்டி, குளிரில் வையுங்கள். செவ்வாய் பத்து மணிக்கு இன்னொரு மில்லிலிட்டர். பத்தையும் எச்.பி.எல்.சி.-யில் ஒன்றாக ஓட்டுங்கள்.

1 என்று எழுதியது 1-ஆக இருக்கிறதா, 10 என்று எழுதியது 10-ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 10-இல் மட்டும் குறைந்தால் தூள் சரியாகக் கரையவில்லை, மூலக்கரைசலுக்குத் திரும்பிப் போங்கள். எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் குழாயையோ வடிகட்டியையோ சந்தேகப்படுங்கள். செவ்வாய்க்குள் குறைந்தால், மீன் வந்த பிறகு இன்னும் வேகமாகக் குறையும், 12 மணிக்கு ஒருமுறை மாற்றத் திட்டமிடுங்கள்.

எண்கள் நின்றால் அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு மீனை விடுங்கள். வெள்ளி காலை பத்து மணிக்கு 96 முடிந்துவிடும், சனி ஞாயிறு தொட்டியை யாரிடமும் விட்டுப் போக வேண்டியிருக்காது. சாயங்காலம் ஆறு மணிப் பார்வையைத் தவறவிடாதீர்கள். வால் தாழ்ந்த முதல் மீனை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.